பூஜ்யத்துக்குப் பிறகு நான்கு நிமிடம்

அண்ணியின் தம்பி ஊரை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை. காலை ஏழரை மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். தோளில் ஒரே ஒரு பை, கக்கத்தில் ஊன்றுகோல். இடது காலில் இருந்து மாவுக்கட்டைப் பிரித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

"ஊர்சுத்தி, ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விடுறியா?" என்றான்.

எனக்கு அந்தப் பெயரை வைத்தது அம்மா. பெண்பிள்ளையாக இருந்தும், ஸ்கூட்டரில் பெட்ரோல் இருக்கும்வரை நான் வீட்டில் தங்க மாட்டேன் என்பது அவளுடைய குறை.

"அண்ணி ஷிப்ட் முடிஞ்சு மூணு மணிக்கு வந்துடுவாங்க. பாத்துட்டுப் போகலாமே."

"அதான் இப்பவே வந்தேன்."

முறைப்படி பார்த்தால் அவனை நான் மாமா என்று கூப்பிட வேண்டும். என்னைவிட ஆறு மாதம் இளையவன் என்பதால் அந்த மரியாதையை ஒருநாளும் கொடுத்ததில்லை. வேலை செய்யும் இடத்தில் அவனுக்கு ஸ்பானர் என்று பெயர். பின்பாக்கெட்டில் எப்போதும் ஒரு ஸ்பானர் துருத்திக்கொண்டிருக்கும். அன்று அது இல்லை. அதைக் கவனித்தபோதுதான் இவன் திரும்பி வருகிற எண்ணத்தில் கிளம்பவில்லை என்று எனக்கு உறைத்தது.

ஊன்றுகோலைக் குறுக்கே பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான். எதிரே வந்த சைக்கிள்காரர்கள் எல்லாம் எங்களுக்கு ஒதுங்கி வழி விட்டார்கள். எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்தான் என்று பார்க்கவிடவில்லை. ரயில் வந்து நின்ற பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"அண்ணி கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

ஊன்றுகோலை முதலில் படியில் வைத்தான். பிறகு நல்ல காலை. பிறகு மற்றதை. ஏறி முடித்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி சொன்னான்.

"அன்னைக்கு அவ உள்ள வந்திருக்கலாம்னு சொல்லு."

மூன்று மணிக்கு அண்ணி வந்து சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது அதை அப்படியே சொன்னேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஒருவர் சொன்னதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் இன்னொருவரிடம் சேர்ப்பதுதான் நேர்மை என்று நினைத்திருந்தேன்.

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல அண்ணி."

கழுவி முடித்த டப்பாவுக்கு மறுபடியும் சோப்புப் போட்டாள்.

*

அண்ணி வேலை பார்ப்பது சிலிண்டர்களில் வாயு நிரப்பும் ஆலையில். ஆக்ஸிஜன், நைட்ரஜன், ஆர்கான். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும், வெல்டிங் பட்டறைகளுக்குப் போகும். நிரப்புவது வேறு ஆட்கள். அண்ணிக்குச் சோதனைப் பிரிவு. திரும்பி வருகிற சிலிண்டரைச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காது கொடுப்பாள். நல்ல சிலிண்டர் மணி மாதிரி நீளமாக ஒலிக்கும். உள்ளே அரித்திருந்தால் 'டொக்' என்று அடங்கிவிடும். கெடு முடிந்த சிலிண்டர் என்றால் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, எவ்வளவு விரிகிறது என்று அளப்பாள். தேறியதின் தோளில் இரும்புப் பஞ்ச்சை வைத்து அன்றைய தேதியையும், அடுத்த சோதனை எந்த மாதம், எந்த வருடம் என்பதையும் அடித்துப் பதிப்பாள். பக்கத்தில் தன்னுடைய முத்திரை. ஒரு வட்டம், அதற்குள் ஒரு புள்ளி.

அந்த முத்திரைப் பஞ்ச்சைச் செய்து கொடுத்தது ஸ்பானர்தான். அதே ஆலையில் அவன் பராமரிப்புப் பிரிவில் இருந்தான். புள்ளி நடுவில் விழாமல் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி விழுந்துவிட்டது.

"வேற செஞ்சு தரேன்க்கா."

"இருக்கட்டும்டா. இந்த அழகுக்கு எவனும் கள்ள முத்திரை அடிக்க முடியாது," என்று வாங்கி வைத்துக்கொண்டாளாம்.

ஆலையில் எல்லோரும் அவளை பெல் அக்கா என்பார்கள். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. பாத்திரக் கடைக்குப் போனால் குக்கரைத் தட்டிக் காதில் வைத்துப் பார்த்துக் கடைக்காரரைக் கலவரப்படுத்துவாள். "கல்யாணத்துக்கு முன்னாடி என்னையும் தட்டிப் பாத்திருப்பா," என்பான் என் அண்ணன்.

"பாத்தேன். டொக்குன்னுதான் கேட்டுச்சு. அதுக்குள்ள பத்திரிகை அடிச்சாச்சு, என்ன பண்றது."

விபத்து நடந்தது ஸ்பானர் ஊரை விட்டுப் போவதற்கு ஏழு வாரம் முன்பு. ஆலையின் பின்பக்கத்தில் நைட்ரஜன் இருந்த பழைய தொட்டி ஒன்று, ஒரு பஸ் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும். அதன் உள்பக்கத்து வெல்டிங்கைப் பார்க்க ஸ்பானர் இறங்கினான். முகத்தில் முகமூடி, முதுகில் காற்று சிலிண்டர், அதில் எவ்வளவு மிச்சம் என்று காட்ட ஒரு கேஜ், இடுப்பில் வாக்கி டாக்கி. அப்படி ஒருவர் இறங்கும்போது தொட்டியின் வாய்க்குப் பக்கத்தில் இன்னொருவர் காவல் நிற்க வேண்டும். வழக்கமாக நிற்கிறவர் அன்று விடுப்பு. அந்தப் பயிற்சி முடித்திருந்த இன்னொரு ஆள் அண்ணிதான்.

காவல் நிற்பவருக்கு ஒரே ஒரு விதி. உள்ளே இருப்பது யாராக இருந்தாலும், என்ன நடந்தாலும், அவர் உள்ளே போகக் கூடாது. உதவிக்கு ஆள் கூப்பிடலாம். உள்ளே இருப்பவருக்குப் பேச்சுக் கொடுக்கலாம். அவ்வளவுதான். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. முகமூடி இல்லாமல் போகிறவர் தனக்கு என்ன ஆகிறது என்று தெரிவதற்குள் விழுந்துவிடுவார். பிறகு இரண்டு பேரைத் தூக்க வேண்டும்.

உள்ளே ஏணி நழுவியது. தொட்டிக்குள் இருந்த தடுப்புத் தகட்டின் இடுக்கில் மாட்டி அவன் கால் முறிந்தது. முதுகில் இன்னும் இருபது நிமிடத்துக்குக் காற்று இருந்தது. மீட்புக் குழு வந்து சேர இருபத்து நாலு நிமிடம் ஆனது. தொட்டியின் வாயருகே தயாராக இருக்க வேண்டிய இரண்டாவது முகமூடி இருந்தது. அதற்கான சிலிண்டர் அண்ணியின் சோதனை மேசையில் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. சூப்பர்வைசர், குழுவுக்கு வழிகாட்ட கேட்டுக்கு ஓடிவிட்டார். கையில் வாக்கி டாக்கியோடு அண்ணி மட்டும் நின்றாள்.

அவள் உள்ளே போகவில்லை.

அவன் பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்கு வந்த சொந்தக்காரர்கள் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றும் சொன்னார்கள், அந்தப் பக்கம் நின்றும் சொன்னார்கள். "கூடப் பிறந்தவ வெளிய நின்னு பேசிக்கிட்டே இருந்தாளாமே." முதல் வாரம் அவன், "அதான் விதி. அவ வந்திருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம்," என்று பதில் சொன்னான். இரண்டாம் வாரம் பதில் சொல்வதை நிறுத்தினான். மூன்றாம் வாரம் அண்ணி உள்ளே வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

*

அடுத்த வருடம் நானும் கிளம்பினேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒரே இடத்தில் இருந்தால் எனக்கு உள்ளங்கால் அரிக்கும். பழத் தோட்டத்தில் பெட்டி கட்டினேன், விடுதிகளில் படுக்கை விரித்தேன், மீன்பிடிப் படகு ஒன்றில் சமையல் செய்து ஆறு பேரைப் படுக்க வைத்தேன். எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் இடது காலை இழுத்து நடப்பவர்களின் பின்பாக்கெட்டைப் பார்ப்பது மட்டும் வழக்கமாகிவிட்டது. ஆறு வருடம் கழித்து, போன அதே பையோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுப்பங்கரையில் ஃப்ரிட்ஜுக்கும் துணி தேய்க்கும் மேசைக்கும் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் முளைத்திருந்தது. திரையில் செம்மண் நிறத்தில் தரை, அதே நிறத்தில் வானம், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கல்.

"இது என்ன?" என்று கேட்டேன்.

அம்மாதான் பதில் சொன்னாள். "உங்க அண்ணி இப்ப இங்க இல்ல. வேற கிரகத்துல குடியிருக்கா. சாப்பாட்டுக்கு மட்டும் பூமிக்கு வருவா."

"அங்க மாமியார் இல்ல அத்தை, அதான்."

"இருந்திருந்தா அந்த இடம் இப்படித் தூசியாவா கிடக்கும்?"

அண்ணி விளையாட்டு செய்துகொண்டிருந்தாள். விளையாடவில்லை, செய்துகொண்டிருந்தாள். அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன ஒன்றைத் தட்டிக்கொட்டிக் கொண்டுவந்து வைத்திருந்தான். மற்றதை எல்லாம் அவள் பாட வீடியோக்களைப் பார்த்துத்தான் கற்றாள். தினமும் மூன்று மணிக்கு வந்து, டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரம் வரை உட்காருவாள். முதல் வருடம் முழுவதும் ஒரு பந்தைத் தரையில் விழ வைக்கத்தான் சரியாக இருந்தது.

"அது விழும். ஆனா தரையைப் பொத்துக்கிட்டுக் கீழ போயிடும்," என்றான் அண்ணன். "ஒரு வருஷம் போய்க்கிட்டே இருந்துச்சு. அந்தப் பக்கம் யாராவது பிடிச்சு வெச்சிருந்தா திருப்பிக் கொடுத்திருப்பாங்க."

இரண்டரை வருடத்தில் அது ஒரு கிரகமாகியிருந்தது. அங்கே ஒரே ஓர் ஆள். அவன் வந்த வண்டி உடைந்து கிடக்கிறது. சரக்கு நாலாபக்கமும் சிதறியிருக்கிறது. நடந்து போய் ஒவ்வொரு சிலிண்டராகத் தேடி எடுக்க வேண்டும். எடுத்ததும் மாட்டிக்கொள்ளக் கூடாது. சுத்தியலால் தட்டிக் கேட்க வேண்டும். மணி மாதிரி ஒலித்தால் மூச்சு, டொக் என்றால் ஆபத்து. கிழிந்த கூடாரத்தை ஒட்ட வேண்டும், பனிக்கட்டியைப் பெயர்த்துத் தண்ணீராக்க வேண்டும். வெயில் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். தளத்தில் இருந்து ஒரு குரல் ரேடியோவில் பேசும். அந்தக் குரல் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். வர மட்டும் முடியாது.

"சுடுறதுக்கு ஒண்ணும் இல்லையா அண்ணி?"

"எதுக்குச் சுடணும்?"

"விளையாட்டுன்னா எதிரி வேணுமே."

"மூச்சு விடக் காத்து இல்ல. இதுல எதிரி வேற தனியா வேணுமா உனக்கு?"

நான் ஒரு சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தேன். தோளில் தேதிகள் அடித்திருந்தன. பக்கத்தில் ஒரு வட்டம். உள்ளே இடதுபக்கம் தள்ளி ஒரு புள்ளி.

"ஊர்சுத்தி, எனக்கு உன் குரல் வேணும்," என்றாள் அண்ணி. "தளத்துல இருந்து பேசுறது நீதான்."

"நீங்களே பேசலாமே."

"என் குரல் கேட்டா அவன் மூடி வெச்சிடுவான்."

யார் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "கையில போன் இருக்கிற வரைக்கும் அவன் ஏதாவது ஒரு கேம் ஆடாம இருக்க மாட்டான். டீ குடிக்கப் போனாக்கூட ஒரு கையில கிளாஸ், ஒரு கையில போன். எங்க இருக்கான்னு தெரியல. நம்பர் மாத்திட்டான். ஆனா எங்கேயோ உக்காந்து எதையோ ஆடிக்கிட்டிருப்பான். என்னைக்காவது இது அவன் கண்ணுல படும்."

இதைத் தவிர வேறு எந்த வழியும் அவளுக்கு மிச்சம் இல்லை. விளையாட்டு போனிலும் ஓட வேண்டும் என்று அவள் பிடித்த பிடிவாதத்தால் மட்டும் ஆறு மாதம் கூடுதலாக ஆகியிருந்தது.

*

துணி அலமாரிக்குள் வைத்துத்தான் என் குரலைப் பதிவு செய்தோம். போர்வைகளுக்கு நடுவில் நான் குந்தியிருக்க, அம்மா வெளியே இருந்து கதவைச் சாத்துவாள். "ஆறு வருஷம் ஊரெல்லாம் சுத்தினவளை அலமாரிக்குள்ள அடைச்சுட்டேன்," என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொன்னாள்.

அண்ணி எழுதிக் கொடுத்த தாளைப் படித்தேன். முதல் சில செய்திகள் கிரகத்தைப் பற்றியவை. போகப்போக மாறின.

'கேஜைப் பாக்காத. என்கூடப் பேசு.'

'நாலு எண்ணி உள்ள இழு. ஆறு எண்ணி வெளிய விடு. அவசரம் இல்ல.'

'காலை இழுக்காத. அது அப்படியே இருக்கட்டும்.'

'ஆளுங்க கிளம்பிட்டாங்க. பாதி தூரம் வந்துட்டாங்க.'

ஏழாவது தாளில் நிறுத்தினேன். அந்தக் கிரகத்து ஆளுக்குக் காலில் அடி எதுவும் பட்டிருக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

"அண்ணி, இதெல்லாம் அன்னைக்கு நீங்க சொன்னதா?"

"ஆமா. மீதியையும் படி."

பன்னிரண்டாவது தாளில் 'விசில்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. கீழே ஒன்றும் இல்லை.

முதுகுச் சிலிண்டரில் காற்று தீரப்போகிறது என்றால் அதில் பொருத்திய விசில் தானாக ஊதத் தொடங்கும். கேஜில் முள் பூஜ்யத்தைத் தொட்டதும் நின்றுவிடும். ஸ்பானர் மாட்டிக்கொண்ட இருபதாவது நிமிடத்தில் அது நின்றது. ஆட்கள் வந்தது இருபத்து நாலாவது நிமிடத்தில்.

"விசில் நின்ன பிறகு என்ன சொன்னீங்க?"

"ஞாபகம் இல்ல."

அண்ணி கையிலிருந்த பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினாள்.

"அதுவரைக்கும் ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கு. அப்புறம் பூட்ஸ் சத்தம் ஞாபகம் இருக்கு. நடுவுல நாலு நிமிஷம், துடைச்ச மாதிரி இருக்கு. பேசிக்கிட்டுத்தான் இருந்தேன். ரெண்டு நாள் தொண்டை கட்டிக்கிச்சு. சூப்பர்வைசரும் வரும்போது பாத்திருக்காரு, வாய் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சாம். கம்ப்ரஸர் ஓடின சத்தத்துல அவருக்கு ஒண்ணும் கேக்கல. கேட்டது அவன் மட்டும்தான்."

"நல்லதாத்தான் சொல்லியிருப்பீங்க அண்ணி."

"உனக்கு எப்படித் தெரியும்? திட்டினேனோ, அழுதேனோ. முடிஞ்சு போச்சுடா, என்னை மன்னிச்சுடுன்னு சொல்லியிருந்தா? உள்ள கிடக்கிறவன் அதையா கேட்டுக்கிட்டு நாலு நிமிஷம் கிடந்தான்? அதுக்காகத்தான் போனானோ என்னவோ."

நான் கொண்டுவந்து சேர்த்த ஒரு வாக்கியம் அவளை ஏழு வருடமாக எங்கே நிறுத்தி வைத்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. உள்ளே போகாததைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் இல்லை. இன்றைக்கும் போக மாட்டாள். வெளியே நின்று என்ன செய்தாள் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நானே பத்து விதமாக எழுதி, அலமாரிக்குள் போய்ப் பேசிப் பார்த்தேன். 'பயப்படாதே, நான் இங்கேதான் இருக்கேன்.' 'கண்ணை மூடாதே.' 'சின்ன வயசுல நாம...' ஒவ்வொன்றையும் அவள் ஹெட்ஃபோனில் கேட்டாள். தலையைச் சாய்த்து, சிலிண்டருக்குக் காது கொடுக்கிற அதே மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்தான்.

"டொக்."

"ஏதாவது ஒண்ணைப் போட்டு முடிச்சு விடேன்," என்றான் அண்ணன். "விளையாடுறவனுக்கு என்ன தெரியப்போகுது?"

"சோதனை பண்ணாத சிலிண்டர்ல தேதி அடிக்கச் சொல்றீங்களா?"



அதனால் விளையாட்டு அங்கேயே நின்றது. எவ்வளவு திறமையாக ஆடினாலும் கடைசியில் ஒரு பள்ளத்தில் ஆள் சிக்கிக்கொள்வான். விசில் ஊதும். முள் பூஜ்யத்தைத் தொடும். விசில் நிற்கும். ரேடியோவில் இரைச்சல் மட்டும். நான்கு நிமிடம் கழித்துத் திரையில் ஒரு வரி வரும்: 'இதற்கு மேல் இன்னும் செய்யவில்லை.'

*

முடிக்காத விளையாட்டுகளைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு இணையதளத்தில் அதை ஏற்றினோம். கருத்துப் பெட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நான் அப்போது அண்ணன் கடையில் உட்கார்ந்துகொண்டிருந்தேன். முதல் மாதத்திலேயே எழுநூறு பேர் இறக்கிக்கொண்டார்கள். அதில் பாதிப் பேருக்கு ஒரே புகார்.

'முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் ஆள் சாகவில்லை. பிழை. சரிசெய்யவும்.'

அண்ணிக்கு அது பிழையாகவே தெரியவில்லை. சிலிண்டர் தொழிலில் யாரும் எதையும் கடைசிவரை காலி செய்வதில்லை. கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். முழுக்கக் காலியானால் வெளிக்காற்றும் ஈரமும் உள்ளே புகுந்து அரித்துவிடும். மிச்சம் வைக்காமல் அனுப்புகிற பட்டறைக்காரர்களை போனில் கூப்பிட்டு, "என்னங்க, வழிச்சு நக்கிட்டு அனுப்பியிருக்கீங்க?" என்று கேட்பாள். கேஜ் பூஜ்யம் என்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

"செத்துடற மாதிரி பண்ணிடலாம் அண்ணி. ரெண்டு வரிதான். நானே வீடியோ பாத்து எழுதிடறேன்."

"என் கேம்ல எவனும் சாக மாட்டான்."

ஒவ்வொரு புகாருக்கும் ஒரே பதிலை என்னைத் தட்டச் சொன்னாள்: 'பிழை இல்லை. பூஜ்யத்திலும் கொஞ்சம் இருக்கும்.'

ஒருவர், 'எதுவுமே நடக்காத திரையை நான்கு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன், என் நான்கு நிமிடத்தைத் திருப்பிக் கொடுங்கள்' என்று எழுதியிருந்தார். அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். "நாலு நிமிஷத்துல அவன் எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறானாம்?" என்றாள். விசில் காதைக் கிழிக்கிறது, சத்தத்தைக் குறைக்க ஒரு பொத்தான் வேண்டும் என்று நிறையப் பேர் கேட்டார்கள். ஆலையில் நிஜ விசிலை ஊதவைத்துப் பதிவு செய்தது அது. பொத்தான் வைக்க அவள் சம்மதிக்கவில்லை.

தினமும் டப்பாவைக் கழுவிக்கொண்டே கேட்பாள். "ஏதாவது வந்துச்சா?"

"பிழைன்னு மூணு பேரு. விசிலுக்கு ரெண்டு பேரு."

"ம்."

நாலைந்து மாதத்தில் புகார்களும் குறைந்தன. ஒரு மாதம் ஒன்றுகூட வரவில்லை. அதன் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் கடையிலிருந்து வந்தால் ஒரு தடவை என் முகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். ஆலையில் அவளை நிரந்தரமாகவே காவல் நிற்கும் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். முகமூடிச் சிலிண்டர் ஒன்று சோதனைக்கு வந்தால், இன்னொன்று அதன் இடத்தில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதில் தண்ணீர் ஏற்றுவாள். தொட்டியில் யார் இறங்கினாலும் வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பாள். கிரிக்கெட், விலைவாசி, மாமியார். அவள் காவல் நின்றால் வேலை சீக்கிரம் முடிகிறது, பேச்சில் இருந்து தப்பிக்கவே எல்லோரும் வேகமாக முடித்துவிடுகிறார்கள் என்று சூப்பர்வைசர் சொல்வாராம்.

ஏற்றி பதினான்கு மாதம் கழித்து, ஒரு வேலை நாளில், காலை பதினோரு மணிக்குக் கருத்துப் பெட்டியில் ஒன்று வந்து விழுந்தது. பெயர் இல்லை. கொஞ்சம் நீளம். முதல் வரியைப் படித்ததும் எழுந்து கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன். மீதியை நின்றுகொண்டே படித்தேன். பிறகு முழுவதும் இறக்கிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

ஆலைக் கேட்டில் காவலாளி என்னை மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிறுத்தி, பெல் அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார். அண்ணி ரப்பர் பூட்ஸோடு வேகமாக வந்தாள். கையுறையில் இருந்து தண்ணீர் சொட்டியது.

"என்ன? அத்தைக்கு ஏதாவதா? அண்ணனுக்கா?"

ஒன்பது வருடம் முன்பு இப்படி ஒன்றை நான் வாயால் சொன்னேன். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. போனை நீட்டினேன்.

"அக்கா, போன் உள்ள கொண்டுபோகக் கூடாது," என்றார் காவலாளி.

"நான் வெளியதான் நிக்கிறேன்," என்றாள் அண்ணி. கோட்டைத் தாண்டி என் பக்கம் வந்தாள். கையுறைகளைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். உள்ளங்கைகளை உடுப்பில் இரண்டு தடவை துடைத்துவிட்டு வாங்கினாள். வெயில் திரையில் விழாமல் உடம்பைத் திருப்பி நின்று படிக்கத் தொடங்கினாள்.

'அக்கா, புள்ளி இடதுபக்கம் தள்ளியிருக்கு. அத பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. மூணு தடவ ஆடிட்டேன். பேசுறது ஊர்சுத்திதானே. உன்னவிட நல்லா பேசுறா. விசில் சரியா இருக்கு, எவன் சொன்னாலும் கொறைக்காத. பூஜ்யத்துல ஆள் சாகாததும் சரி. ஒரு எடம்தான் தப்பு. விசில் நின்னதும் ரேடியோ சும்மா கெடக்கு. அன்னைக்கு அப்படி இல்ல. எதிர்ல ரேக்ல இருந்த சிலிண்டரை எல்லாம் நீ வரிசையா வாசிச்ச. நம்பர், தேதி, அடுத்த சோதனை எந்த மாசம், எந்த வருஷம். உனக்குப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னு நெனச்சேன். அப்புறம் அத எண்ண ஆரம்பிச்சேன். ஒண்ணு முடிஞ்சா அடுத்தத நீ வாசிக்கணும்ல, அதுக்காக மூச்சப் புடிச்சு வெச்சேன். நாப்பத்தொண்ணு. நாப்பத்திரெண்டாவது பாதியில நிறுத்திட்ட. அப்ப மேல வெளிச்சம் தெரிஞ்சுச்சு. எனக்கும் இங்க தொட்டி வாசல்ல காவல் நிக்கிற வேலைதான், ரெண்டு வருஷமா. போன மாசம் ஒருத்தன் உள்ள மாட்டிக்கிட்டான். நான் உள்ள போகல. நின்னு பேசினேன். ஸ்டேஷன்ல ஊர்சுத்திகிட்ட நான் சொல்லி அனுப்பினத அழிச்சிடு. நாப்பத்தொண்ணையும் வாசிச்சு அதுல சேத்துடு. உன் குரல்ல. சரியா வந்திருக்கான்னு மறுபடி ஆடிப் பாத்துட்டு சொல்றேன்.'